எங்கள் எல்லோருக்கும் வயது இருபத்தாறு

ஜூன் 3, திங்கள்

ஜெசிந்தா மிஸ் தினமும் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில். "டுடே ஐ கோ கம்பெனி" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அதனால் தமிழிலேயே எழுதப்போகிறேன். மிஸ் கேட்டால் டைரி தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் பெயர் நாகமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர். பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு பெண்கள். இப்போது பதினொன்று. தங்கேஸ்வரியின் மெஷின் காலியாகக் கிடக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

மாசக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து, எங்கள் பனியனை வாங்குகிற பையருடைய மேடம் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க, ஆடிட்டுக்கு வருகிறார். போன தடவை கம்பெனியே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. நாங்கள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொன்னார். இந்தத் தடவை அந்த மேடம், யாரும் நடுவில் வேண்டாம், ஆட்களிடம் நானே நேராகப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். உடனே எங்களுக்கு கேன்டீனில் இங்கிலீஷ் கிளாஸ். ஹெச்.ஆர். லோகநாதன் சார் வந்து திறந்து வைத்தார்.

"இதெல்லாம் உங்க முன்னேற்றத்துக்குத்தானுங்க. பயப்படாம பேசோணும்" என்றார்.

இத்தனை வருஷம் இந்த முன்னேற்றம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் பாருங்கள்.

ஜூன் 5, புதன்

இன்று ஐ, வீ, யூ, ஹி, ஷி, தே.

எனக்கு இந்த பாஷை பிடித்துப்போய்விட்டது. முதலாளிக்கும் யூதான், வாட்ச்மேனுக்கும் யூதான், நாய்க்கும் யூதான். எங்கள் ஊரில் யாரைப் பேசினாலும் பின்னாலேயே ஒரு 'ங்க' ஓடி வரும். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்குக்கூட "கொஞ்சம் நவுருங்க" என்றுதான் வாயில் வரும். இங்கிலீஷில் புரொடக்ஷன் மேனேஜர் கந்தவேல் சாரும் வெறும் 'ஹி'. எத்தனை சுகமாக இருக்கிறது. கிளாஸ் முடிந்து லைனுக்குப் போனபோது அவர் எதிரே வந்தார். வணக்கம் வைத்துக்கொண்டே மனதுக்குள் ஹி, ஹி, ஹி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சரோஜா அக்காவுக்கு மட்டும் மனசு வரவில்லை. "ஏனுங் மிஸ், பெரியவீங்களைப் போயி ஹி, ஷின்னு எப்படிங்க கூப்புடறது? ஒரு மருவாதி வேண்டாமா?" என்று கேட்டது. ஐம்பத்திரண்டு வயசு, லைனிலேயே மூத்தது. எங்கள் எல்லோரையும்விட அதற்குத்தான் ஆசை அதிகம். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எதைச் சொன்னாலும் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறது.

ஜூன் 6, வியாழன்

ஐந்நூறு பீஸ் திரும்பி வந்தது. கழுத்துப் பட்டி கோணல். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. டைரி எழுதத் தெம்பில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கத்தரிக்காய்க் குழம்பு மிஞ்சிவிட்டது. வீணாகப் போகுமே என்று தங்கேஸ்வரி வீட்டுக்கு எடுத்துப் போனேன். வேறு ஒன்றும் இல்லை. எங்களுக்குள் பொங்கலிலிருந்தே பேச்சு கிடையாது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, அவளும் இல்லை.

அவள் விரல் இன்னும் வீக்கமாகத்தான் இருக்கிறது. வலது கை ஆள்காட்டி விரல். மடங்கவே மாட்டேன் என்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். போன மாசம் ஷிப்மென்ட் நெருக்கடி. ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னக் கம்பி இருக்க வேண்டும். கார்டு என்போம். கார்டு இருந்தால் துணியைப் பார்த்துத் தள்ள வேண்டும், வேகம் வராது. "எல்லாத்தையும் கழட்டுங்க, நாலு நாளைக்குத்தானே" என்று கந்தவேல் சார் என் கண் முன்னால் நின்று மெக்கானிக்கிடம் சொன்னார். இரண்டாவது நாளே தங்கேஸ்வரியின் விரலுக்குள் ஊசி இறங்கி, உள்ளேயே உடைந்தது. என் முந்தானையைக் கிழித்துத்தான் கட்டினேன். நல்ல சேலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுநாள் அவளுடைய கேட் அட்டையைத் தேய்த்தால் கேட் திறக்கவில்லை. கேட்டதற்கு, வீட்டில் தைக்கும்போது குத்திக்கொண்டாள், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று லோகநாதன் சார் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் தையல் மெஷினே கிடையாது. ஒரு மிக்ஸி இருக்கிறது, ஒரு ஃபேன் இருக்கிறது. விபத்து இங்கேதான் நடந்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால்தான் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு பார்ப்பார்கள். விரலும் பிழைக்கும், வேலையும் திரும்பக் கிடைக்கும். இவர்கள் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள்.

"உப்பு பத்துல" என்றாள் குழம்பை ருசி பார்த்துவிட்டு. பேச்சு இல்லாதவளிடம் இதெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூன் 12, புதன்

இன்று வார்த்தைகள். எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று மிஸ் நடத்திக்கொண்டிருந்தபோது லோகநாதன் சார் வந்து நின்றார். பிறகு அவரே நடத்த ஆரம்பித்துவிட்டார்.

ஆக்ஸிடென்ட் என்று சொல்லக் கூடாதாம். இன்சிடென்ட். ஓவர்டைம் என்று சொல்லக் கூடாதாம். சப்போர்ட். திட்டினார்கள் என்று சொல்லக் கூடாது, கைட் பண்ணினார்கள். கம்பெனி என்றுகூட வேண்டாமாம், "வீ ஆர் ஃபேமிலி" என்று சொன்னால் மேடத்துக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

நான் கையைத் தூக்கினேன். "சார், ஃபேமிலின்னா தங்கேஸ்வரி வீயா, ஷியாங்க?"

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "நாகமணி, நீங்க வெவரமான ஆளு. அடுத்த மாசம் ஃப்ளோர் இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். பாத்து நடந்துக்குங்க" என்றார்.

நான் பார்த்துத்தான் நடக்கிறேன். ஷிப்மென்ட் நல்லபடியாகப் போனால் வீ. ஊசி ஏறினால் ஷி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மிஸ்ஸே தேவையில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தங்கேஸ்வரி வீட்டுக்குப் போனேன். இட்லி மாவு மிஞ்சியது.

கிளாஸில் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆக்ஸிடென்ட், இன்சிடென்ட் இரண்டையும் சொல்லிக் காட்டினேன். எங்கே பெரிசாக வலித்ததோ அது முதல் வார்த்தை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது மாதிரி இருப்பது இரண்டாவது வார்த்தை என்றேன். அவள் விரலைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கெதுக்கு நாகு இந்த வம்பு? இன்சார்ஜ் ஆயிட்டீன்னா உட்டுப்போட்டுப் பொழப்பைப் பாரு."

"உனக்காகன்னு யாரு சொன்னது? எனக்கு என்னோட சேலை போன கடுப்பு."

ஜூன் 19, புதன்

மெக்கானிக் துரைசாமி அட்டைப்பெட்டியோடு வந்து எல்லா மெஷினிலும் கார்டு மாட்டிவிட்டுப் போனார். ஆடிட் நெருங்கினால் வழக்கமாக நடப்பதுதான். கோயில் நோம்பிக்குச் சாமி நகையை வெளியே எடுப்பது மாதிரி எடுப்பார்கள், மேடம் கார் ஏறியதும் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

தங்கேஸ்வரி மெஷினுக்கும் புதிதாக ஒன்று மாட்டினார். உட்கார ஆள் இல்லாத மெஷினுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 20, வியாழன்

லோகநாதன் சார் மேடத்திடம் சொல்ல வேண்டியதை ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். மாதிரிக்கு யாரோ ஒரு கவிதா. "மை நேம் இஸ் கவிதா. ஐ ஆம் ட்வென்ட்டி சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட். வீ ஆர் ஃபேமிலி. மை சூப்பர்வைசர் இஸ் லைக் மை மதர். எவ்ரி மெஷின் ஹேவ் கார்ட். நோ ஆக்ஸிடென்ட் ஹியர்."

மிஸ் படித்துவிட்டு, "சார், அங்க ஹேஸ் வரணும்" என்றார். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடத்துக்குப் புரிஞ்சாப் போதும். ஆட்களைக் குழப்பாதீங்க" என்றார். மிஸ் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாவம், அவருக்கும் வேலை வேண்டும்.

பிறகு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்தியானத்துல உங்க லைனுக்கு நீங்களே மனப்பாடம் பண்ண வச்சுருங்க. பேரு, வயசெல்லாம் அவங்கவங்களுக்குத் தக்க மாதிரி மாத்திக் குடுத்துருங்க. என்ன?"

"சரிங்க சார்."

ஜூன் 22, சனி

எங்கள் லைன் ஆட்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது எல்லாமே அப்படித்தான். என்ன அர்த்தம் என்று கேட்காமல், ஒரு எழுத்து பிசகாமல், ராகத்தோடு ஒப்பிப்போம். மூன்று மத்தியானத்தில் பதினொரு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பெயரை மட்டும் அவரவர் மாற்றிக்கொண்டார்கள். அதுவாவது தோன்றியதே.

சரோஜா அக்கா கொண்டையை முடிந்துகொண்டு எழுந்து நின்று, "ஐ ஆம் ட்வென்ட்டி சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்" என்றது. பக்கத்தில் நான் அதற்கு அம்மா மாதிரி.

"நல்லாச் சொல்றனா கண்ணு?" என்று கேட்டது.

"ரொம்ப நல்லாச் சொல்றீங்கக்கா" என்றேன்.

வயதை நான் மாற்றிக் கொடுக்கவில்லை. ஹெச்.ஆர். சார் தன் கையால் எழுதியது. அதில் கை வைக்க நான் யார்? மிஸ் ஒரு எழுத்தைத் திருத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன் அல்லவா?

ஜூன் 25, செவ்வாய்

கடைசி கிளாஸ். கழற்றினான் என்பதை எப்படிச் சொல்வது, கழற்றப்பட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். இரண்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, "ரெண்டாவதுல யார் செஞ்சாங்கன்னு சொல்லாமலே விட்டுறலாம் நாகமணி, அதுதான் வசதி" என்றார்.

யாருக்கு வசதி என்று கேட்டேன்.

மிஸ் பலகையில் இரண்டாவதை அழித்தார். "நீங்க முதல்ல கேட்டதையே வச்சுக்குங்க" என்றார்.

ஜூன் 27, வியாழன்

முடிந்தது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

மேடம் உயரம், வெயிலில் மூக்கு சிவந்து கிடந்தது. எங்கள் லைனுக்கு வந்ததும், கூடவே வந்த லோகநாதன் சாரையும் கந்தவேல் சாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் கதவோரம் போய் நின்றார்கள். மேடம் முதல் மெஷினில் இருந்த ருக்குமணியைப் பார்த்து ஹலோ என்றார். ஹலோ என்றதுதான் தாமதம், ருக்குமணி எழுந்து நின்று மொத்தத்தையும் ஒப்பித்துவிட்டாள். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். எழுதிக்கொண்டார். இரண்டாவது ஆளுக்கும் இருபத்தாறு. தலையை ஆட்டினார். மூன்றாவது ஆளுக்கும் இருபத்தாறு. ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. எல்லோருக்கும் என்னைப் பார்த்தால் அம்மா மாதிரி. எல்லோருடைய எவ்ரி மெஷினிலும் ஹேவ் கார்ட்.

சரோஜா அக்கா எழுந்தது. நரைத்த கொண்டையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தது. சத்தமாக, பயமே இல்லாமல், "ஐ ஆம் ட்வென்ட்டி சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்!"

மேடம் மெதுவாக, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகள் என்று அக்கா விரலைக் காட்டியது. அவளுக்கு என்ன வயது?

இது தாளில் இல்லாத கேள்வி. அக்கா கிளாஸில் ஒழுங்காகப் படித்த ஆள். யோசித்து, சரியாகச் சொல்லிவிட்டது. "ட்வென்ட்டி நைன், மேடம்."

கதவோரத்தில் லோகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மேடம் என்னிடம் வந்தார். நீங்களும் இருபத்தாறா என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

"நோ மேடம். தேர்ட்டி எய்ட்."

பிறகு காலி மெஷினைக் காட்டி, இங்கே யார் என்றார்.

பயந்தேன். இன்சார்ஜ் வேலை கண் முன்னால் வந்து போனது. ஆனால் அந்த மெஷினில் புதுக் கார்டு பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் பயம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. மிஸ் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "தங்கேஸ்வரி. மை ஃப்ரெண்ட். நீடில் கோ இன் ஃபிங்கர். திஸ் மெஷின். ஆக்ஸிடென்ட். நோ கார்ட் தட் டே. ஹி ரிமூவ்."

ஹி என்றால் யார் என்று கேட்டார்.

கையை நீட்டிக் காட்டினேன். என் வாழ்நாளில் ஒரு மேனேஜரை நோக்கி நான் விரல் நீட்டியதில்லை. "கந்தவேல். தட் மேன்" என்றேன். சார் வரவில்லை. 'ங்க'வும் வரவில்லை.

பதினொரு மெஷினும் நின்றுவிட்டன. மேடம் தங்கேஸ்வரி பெயரை என்னிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஜூன் 28, வெள்ளி

லோகநாதன் சார் ரூமில் நின்றேன்.

"வயசை மாத்திக் குடுக்கச் சொன்னனா இல்லையா?"

"நீங்க எழுதுனதை நான் எப்படிங்க சார் மாத்தறது?"

"உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது இதுக்குத்தானா?"

"நீங்கதானுங்க பயப்படாம பேசோணும்னு சொன்னீங்க."

வேலையை விட்டு அனுப்ப முடியாது, மேடத்திடம் என் பெயர் இருக்கிறது. அதனால் சூப்பர்வைசர் பேட்ஜை வாங்கி வைத்துக்கொண்டு பிசிறு வெட்டும் டேபிளுக்கு அனுப்பிவிட்டார். இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு வேறு ஆள். தைத்து வருகிற பனியனில் நூல் பிசிறைக் கத்தரிக்க வேண்டும், அவ்வளவுதான். நின்றுகொண்டே வேலை. கால் வலிக்கிறது, வருத்தமும் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன்.

ஆனால் நேற்று திரும்பி வந்தாலும் அதே விரலைத்தான் நீட்டுவேன்.

ஜூலை 2, செவ்வாய்

கந்தவேல் சாரை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் கேபினில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஹிதான்.

சரோஜா அக்கா பிசிறு டேபிளுக்கு வந்து, "என்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சா கண்ணு?" என்று கண் கலங்கியது.

"உங்களாலதான் அக்கா எல்லாம் நடந்துச்சு" என்றேன். அதற்கும் சேர்த்து அழுதது.

ஜூலை 4, வியாழன்

கம்பெனியில் இருந்து தங்கேஸ்வரிக்கு ஆள் விட்டு, எழுதிக் கொடுக்கிறோம் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போயிருக்கிறாள். தாளில் இன்சிடென்ட் என்று போட்டிருந்ததாம்.

லோகநாதன் சார் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "இதுல வார்த்தை தப்பா இருக்குதுங்க சார். ஆக்ஸிடென்ட்னு போட்டுக் குடுங்க, அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று ஹெச்.ஆர். ரூம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாளாம். நான் கீழே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் ருக்குமணி வந்து சொன்னாள். மாற்றி எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தாளாம். திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று கேட் அட்டையையும் கொடுத்துவிட்டார்களாம்.

கிளாஸுக்கே வராதவள். யாரிடம் கற்றாளோ.

ஜூலை 8, திங்கள்

காலையில் பஸ்ஸில் ஏறினாள். இத்தனை நாளும் ஜன்னல் சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்து வந்தேன். காற்று அதிகமாக அடிக்கிறது என்பதால். பையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

மத்தியானம் துரைசாமி அட்டைப்பெட்டியோடு வந்தார். ஆடிட் முடிந்துவிட்டது, அடுத்த ஷிப்மென்ட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. பிசிறு டேபிளிலிருந்து எனக்கு எல்லாம் தெரிகிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சரோஜா அக்காவின் மெஷின் முன்னால் குனிந்தார்.

அக்கா கார்டு மேல் உள்ளங்கையை வைத்து மூடியது.

"அக்கா, கையை எடுங்க. எனக்குச் சொன்னதை நான் செய்யறேன்."

அக்கா எழுந்து நின்றது. கிளாஸில் நிற்பது மாதிரியே நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எவ்ரி மெஷின் ஹேவ் கார்ட்" என்றது.

துரைசாமி சிரித்துவிட்டு ருக்குமணி மெஷினுக்குப் போனார். அவளும் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். "எவ்ரி மெஷின் ஹேவ் கார்ட்." அடுத்தவள். அதற்கடுத்தவள். மடங்காத விரலோடு தங்கேஸ்வரி எழுந்து, அவள் படிக்காத பாடத்தை எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். பிறகு பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், அதே ராகம், ஒரு எழுத்து பிசகாமல். கத்தரிக்கோலை வைத்துவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன். புது மேனேஜர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். லோகநாதன் சார் படியிலேயே நின்றுவிட்டார். அவர் எழுதிக் கொடுத்தது. அவர் என்ன சொல்ல முடியும்?

ஜெசிந்தா மிஸ் இருந்திருந்தால் ஹேஸ் என்று திருத்தியிருப்பார். எனக்கும் அது தெரியும். நான் திருத்தவில்லை.

அட்டைப்பெட்டி காலியாகவே திரும்பிப் போனது.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது, காலையில் நீ உட்கார்ந்தாயே, இப்போது ஜன்னல் சீட்டு எனக்கு என்றேன். "அதெல்லாம் முடியாது புள்ள, எனக்கு ஆக்ஸிடென்ட் ஆயிருக்குது" என்று விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நாளைக்கு இருக்கிறது அவளுக்கு.